சீட்டு எண் 417

ஃபஹாஹீல். மீன் சந்தைக்குப் பின்னால் மூன்றாவது சந்து.
நீராவி படிந்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நாளொன்றுக்கு நூற்றெண்பது திஷ்தாஷா தேய்ப்பவன் நான்.
முகம் பார்ப்பது குறைவு.
யாருக்குக் கழுத்து வியர்க்கும்,
யார் இடது கையில் பேனா பிடிப்பவர்,
யார் வீட்டில் குழந்தை தோளில் கக்கியது,
அது தெரியும்.

417-இன் துணியில்
வலது இடுப்புக்கு நாலு விரல் கீழே
எலுமிச்சை அளவில் ஓர் எண்ணெய்க் கறை.
வாரம் தவறாது.
கார் கிரீஸ் என்றான் கொமில்லாக்காரன் ஷொஃபிக்.
முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் இல்லை.
பள்ளியில் என்.சி.சி. துப்பாக்கியின் குழாய்க்குள்
கயிற்றில் துணி கட்டி இழுத்தபோது வந்த வாசனை.
ஷொஃபிக்கிடம், ஆமாம் கிரீஸ்தான் என்றேன்.

சுண்ணப்பொடி தூவி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு,
பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு வெந்நீர்.
தேய்க்கத் தேய்க்க, படிக்கவும் பழகினேன்.
வட்டம் சிறிதென்றால் நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்.
ஓரம் பழுத்திருந்தால் எண்ணெய் பழசு.
காற்றே வியர்க்கிற ஆகஸ்டில்
கறையின் நடுவே துருவின் செம்புள்ளி ஒன்று.
அபூ மிஷாரி அந்த வாரம் சோம்பிவிட்டார்.
அடுத்த வாரம் புள்ளி இல்லை.
உள்ளங்கைக்குள் அடங்குகிற ஏதோ ஒன்றை
அவர் பார்த்தும் நான் பார்க்காமலும்
இருவருமாகப் பராமரித்து வந்தோம்.

ஒருமுறை இயந்திரத்தின் அடியில் ஒரு தோட்டா.
சோப்பில் குளித்துப் பித்தளை பளபளத்தது.
பையில் மறந்த காசு, மாத்திரை, பல்குத்தி
எல்லாவற்றையும் போடும் அதே காகித உறையில் போட்டு
துணியோடு சேர்த்துக் குத்திவைத்தேன்.
அவர் உறையை உலுக்கினார். கதவைத் திரும்பிப் பார்த்தார்.
"நனைந்துவிட்டது. இனி இதை நம்பக்கூடாது."
பிறகு ஏனோ, எனக்குப் புரிகிற மெதுவான அரபியில்,
"உள்ளே போய் அடைப்பது எது தெரியுமா? மணல் இல்லை.
உன் துணியின் பஞ்சு.
வெள்ளிதோறும் பிரித்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுக்கிறேன்."

என் பஞ்சு அங்கே. அவர் எண்ணெய் இங்கே.
உரிமம் உண்டா, யாருக்குப் பயந்து, எதற்கு,
நான் கேட்கவில்லை.
இகாமா புதுப்பிக்க இரண்டு மாதம் இருந்தது.

பெருநாள் முடிந்த வாரம்.
மூட்டையில் மகனின் திஷ்தாஷா, தகப்பனுடையதைவிட ஒரு சாண் குட்டை.
எப்போதும் கெட்சப் இருக்கும், சில நாள் கால்பந்து மைதானத்துப் புழுதி.
அன்று
வலது இடுப்பு.
உள்ளங்கை அகலத்துக்கு, முழங்கால்வரை வழிந்து.
துடைக்கத் தெரியாத கை ஊற்றியது அது.
பயப்படத் தெரியாத கையும்கூட.

ஷொஃபிக் சுண்ணப்பொடி டப்பாவைத் திறந்தான்.
வேண்டாம் என்றேன்.
வேறு எதையும் தொடாமல் அதை மட்டும் தண்ணீரில் அலசி
விறைப்பாகக் கஞ்சி போட்டு
கறை வெளியே தெரிய மடித்து
மூட்டையின் மேலே வைத்தேன்.
போகாத கறைக்கென்று ஒரு சீட்டு உண்டு, அரபியில் அச்சடித்தது:
மன்னிக்கவும், எவ்வளவு முயன்றும் போகவில்லை.
பதினோரு வருடத்தில் நான் குத்திய முதல் பொய்ச் சீட்டு.

அபூ மிஷாரி வந்தார்.
மூட்டையைத் தூக்கினார். கீழே வைத்தார்.
சட்டையை விரித்துத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தார்.
அது அவருக்கு முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் வந்தது.
நீராவிக் குழாய் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"போகவே போகாதா?"
"தண்ணீர் சூடு போதவில்லை, பாபா."

கொதிகலனைப் பார்த்தார். அதன் முள் சிவப்பில் நின்றது.
என்னை முதல்முறையாக முகத்தில் பார்த்தார்.
கறை போகாத துணிக்குக் காசில்லை என்று சீட்டிலேயே இருக்கிறது.
அதற்கும் சேர்த்துக் கொடுத்தார்.
மீதி இருநூறு ஃபில்ஸ்.
கதவுவரை நீட்டிக்கொண்டே போனேன்,
அவர் காரைக் கிளப்பிவிட்டார், மிக வேகமாக,
வீட்டுப் பக்கம்.